இரு தரப்புக்கும் ஒரே போதகர்: உள்நாட்டுப் போர்க்காலத்தில் பாப்திஸ்து சபைகள்

1997ஆம் வருஷத்துக் கோடையையும் அதையடுத்த மாதங்களையும் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் அப்போது வாழ்ந்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரால் போக்குவரத்துக் கழகம் ஒன்று அமைந்ததை ஒட்டி மூண்ட சாதிப் பகை ஊர்களைத் தெருத்தெருவாகப் பிரித்து, பேருந்துகள் ஓடாத நாட்களையும் வயலுக்குப் போக அஞ்சிய காலைகளையும் உண்டாக்கி, கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அந்த ஜூலை மாதத்தில் அரசாங்கமே நீக்கும்படி செய்தது. அதே ஜூலை 25ஆம் தேதி டில்லியில் பிரதம மந்திரி குஜ்ரால் மற்றொரு செய்தியை அறிவித்தார். நாகாலாந்தில் ஆயுதம் தாங்கிய இயக்கத்தோடு போர்நிறுத்தம் உடன்பாடாகி, ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வரும் என்பதே அது. நம் ஊர்த் தெருக்களில் காவலர்கள் நின்றுகொண்டிருந்த அந்த மாதத்தில் இச்செய்தி நம் கவனத்தில் பதிந்திருக்க நியாயமில்லை. ஆயினும், ஒரே ஊர் இரண்டுபட்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் காலத்தில் ஆலயத்தில் நின்று பேசுகிறவன் என்ன செய்ய வேண்டும், என்ன செய்ய முடியும் என்னும் கேள்வி இரண்டு இடங்களுக்கும் பொதுவானது. அந்தக் கேள்விக்கு நீண்டகாலம் இரத்தத்தால் விடை தேடியவர்கள் நாகர்கள் நடுவிலிருந்த பாப்திஸ்து சபைகளும் அவற்றின் போதகர்களுமே.

பாப்திஸ்து என்றால் யார் என்பதை நம் பகுதியாருக்குச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. சிவகாசியைச் சுற்றியுள்ள வட திருநெல்வேலிக் கிராமங்களில் 1854ஆம் ஆண்டிலிருந்து ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்து, 1858இல் சிவகாசியிலேயே உயிர் நீத்த ராக்லாந்து ஐயர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். அவர் வழியில் வந்த சபைகளே இன்று சேகரங்களாகவும் திருமண்டலங்களாகவும் அமைந்து பேராயரின் ஆளுகைக்குள் இருக்கின்றன. பாப்திஸ்து சபையாரோ குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வயது வந்து, தானே விசுவாசித்து, தன் வாயால் அறிக்கை செய்தவரை மட்டும் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். இதைவிட நம் விஷயத்துக்கு முக்கியமானது அவர்களுடைய நிர்வாக முறை. அவர்களுக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் சுயாதீனம் உடையது. தன் போதகரைத் தானே தெரிந்தெடுக்கும், தானே சம்பளம் கொடுக்கும், வேண்டாமென்றால் தானே விலக்கும். பல சபைகள் கூடிச் சங்கமாகவும் பேரவையாகவும் சேர்வதுண்டு. அந்தப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை உண்டே தவிர ஆணையிடும் அதிகாரம் இல்லை. நம் திருமண்டலத்தில் பேராயரின் கடிதம் ஒன்று ஒரே ஞாயிறு காலையில் எல்லாச் சேகரங்களிலும் வாசிக்கப்படுவதைப் போன்ற ஏற்பாடு அவர்களிடம் கிடையாது. உள்நாட்டுப் போரில் அவர்களுடைய பலமும் பலவீனமும் இந்த ஒரு வேரிலிருந்தே கிளைத்தவை என்பது என் துணிபு.

நாகர்களிடம் இந்தச் சமயம் சென்ற வரலாறு நம் உபதேசிமார்களின் வரலாற்றுக்கு நெருங்கிய உறவுடையது. அமெரிக்க மிஷனெரி எட்வர்ட் கிளார்க்கு மலை ஏறுவதற்கு முன்பே, கோதுலா என்னும் அஸ்ஸாமிய உபதேசியார் தனியே ஏறிச்சென்று ஆவோ மக்களிடையே போதித்ததன் பயனாக, 1872ஆம் ஆண்டு இறுதியில் மொலுங்கிமொங் கிராமத்தில் முதல் சபை தோன்றிற்று. 1876இல் கிளார்க்கு அங்கே போய்க் குடியிருந்தார். பிறகு ஆவோ, அங்காமி, லோத்தா, சேமா என ஒவ்வொரு குலத்தாரிடமும் சபைகள் எழுந்தன. 1937இல் அவை ஒரு பேரவையாகக் கூடின. தலை வேட்டையாடிக்கொண்டிருந்த மலைக் கிராமங்கள், ஊருக்கு ஊர் பகை தீர்த்துக்கொண்டிருந்த மக்கள், இரண்டு மூன்று தலைமுறைக்குள் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாகாலாந்து மக்களில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் அளவில் கிறிஸ்தவர்கள்; அவர்களில் பெரும்பாலார் பாப்திஸ்து சபையார்.

அந்த மக்களிடையே எழுந்த போரை உள்நாட்டுப் போர் என்று சொல்வது தகுமா என்று சிலர் கேட்கக்கூடும். அரசாங்க ஏடுகளில் அச்சொல் இல்லை. 1951 மே மாதத்தில் பிஸோவின் தலைமையில் நாகா தேசியக் கவுன்சில் தனி நாடு கோரி நடத்திய பொதுஜன வாக்கெடுப்பும், 1956 மார்ச் 22ஆம் தேதி அவர்கள் தனி அரசாங்கம் அமைத்ததும், அவ்வாண்டிலேயே இந்திய இராணுவம் மலைக்கு அனுப்பப்பட்டதும், 1958இல் ஆயுதப் படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம் பிறந்ததும் எல்லாரும் அறிந்த சங்கதிகள். கிராமங்கள் எரிக்கப்பட்டன, மக்கள் தம் ஊரைவிட்டு வேலியிட்ட தொகுப்புக் கிராமங்களில் அடைக்கப்பட்டனர், தானியக் குதிர்கள் சாம்பலாயின. இதை இராணுவத்துக்கும் கலகக்காரருக்கும் நடந்த போர் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கவுன்சிலின் செயலாளராக இருந்து வன்முறையை எதிர்த்த சாக்ரி 1956 ஜனவரியில் கொலையுண்டார். இந்தியாவுக்குள் தனி மாநிலம் என்னும் உடன்பாட்டுக்கு வழி கோலிய நாகா மக்கள் மாநாட்டின் தலைவர் டாக்டர் இம்கோங்லிபா ஆவோ 1961 ஆகஸ்டில் சுடப்பட்டு இறந்தார். இருவரையும் கொன்றவர்கள் நாகர்களே. அண்ணன் காட்டிலும் தம்பி அரசாங்க உத்தியோகத்திலும், ஒருவனுடைய சோற்றை மற்றவன் பறித்தும் நடந்த போருக்கு உள்நாட்டுப் போர் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் காலத்துப் போதகர்களைப் பற்றி மூன்று அபிப்பிராயங்கள் வழங்கி வந்திருக்கின்றன. கலகத்தின் வித்தே சபைதான் என்பது முதலாவது. டில்லியில் நீண்டகாலம் செல்வாக்கோடு இருந்த கருத்து இது. சபைத் தலைவர்கள் இந்திய அரசாங்கத்தின் கைக்கருவிகள் என்பது இரண்டாவது. தலைமறைவு இயக்கத்தாரிடம் இது அடிக்கடி கேட்ட குற்றச்சாட்டு. சமாதானத்தைக் கொண்டுவந்தவர்களே அவர்கள்தாம் என்பது மூன்றாவது. இது சபையாரின் சொந்த நினைவு.

முதலாவது கருத்து சோதனைக்கு நிற்பதில்லை. 1950களின் நடுவிலேயே கடைசி அமெரிக்க ஊழியர்கள் நாகா மலையைவிட்டு நீங்கிவிட்டார்கள். போர் உக்கிரமானது அதற்குப் பின்பு. அந்நியர் தூண்டுதலால் எழுந்த கலகமாயின் தூண்டியவர் போனபின் தணிந்திருக்க வேண்டும். ஆனால் அதன் உள்ளே ஒரு சிறு உண்மை உண்டு. பல குலங்களாகப் பேச்சால் பிரிந்து கிடந்தவர்களுக்கு நாம் ஒரே ஜனம் என்ற உணர்ச்சியை ஊட்டியதில் சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு. இயக்கத்தாரும் தங்கள் கோரிக்கையைக் கிறிஸ்துவின் பெயரோடு பிணைத்தே பேசினார்கள். முகாம்களில் ஆராதனை நடந்தது. பிற்காலத்தில் இயக்கத்திலிருந்து பிரிந்த ஐசக்–முய்வா பிரிவினர் திமாப்பூருக்கு அருகே அமைத்த தலைமை முகாமுக்கு வேதாகம ஊரான ஹெப்ரோன் என்பதையே பெயராக வைத்தார்கள். இரண்டு தரப்பிலும் ஒரே தேவனைத் தொழுகிறவர்கள் நிற்கும்போது, போதகர் எந்தத் தரப்பை நோக்கிச் சபிப்பார்?

அவர் சபிக்கவில்லை, நடந்தார். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. காட்டுக்குள் இருப்பவனும் அரசாங்க மாளிகையில் இருப்பவனும் ஒரே சபைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களாதலால், இருவரிடமும் ஆயுதமின்றிப் போய்த் திரும்பக்கூடியவர் அந்த மலையில் போதகர் ஒருவரே. அவருக்குச் சம்பளம் கொடுப்பது கிராமம். அவரை நியமித்ததும் கிராமம். மேலிடத்தார் அனுப்பிய தூதர் என்று அவரைச் சந்தேகிக்க வழியில்லை. ஆயினும் சந்தேகம் எழாமல் இல்லை. எழுந்தபோது அவருக்காகக் கிராமமே சாட்சி சொல்லிற்று.

இவர்களுள் தலையாயவராக நான் கருதுவது லோங்ரி ஆவோ என்னும் பெரியவரை. 1906இல் பிறந்த இவர், 1950இல் கொன்யாக் மக்களிடையே ஊழியத்துக்குப் போனார். ஆவோ குலத்தவர் ஒருவர் தம் முன்னோர் அஞ்சிய வேறொரு குலத்தாரிடம் போய்க் குடியிருந்து போதித்தார் என்பதை, நம் திருநெல்வேலிச் சபையார் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் கண்டு தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பியதோடு ஒப்பிட்டு உணரலாம். குலம் கடந்து வாழ்ந்து பழகிய அந்த அனுபவமே பின்னாளில் அவரைச் சமாதானத் தூதுக்குத் தகுதியாக்கிற்று என்று நினைக்கிறேன்.

1964ஆம் ஆண்டு ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை வோக்கா என்னும் ஊரில் நாகாலாந்து பாப்திஸ்து பேரவையின் மாநாடு கூடிற்று. தனி மாநிலம் பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது; மாநிலம் வந்தும் துப்பாக்கி ஓயவில்லை. அங்கே கூடிய போதகர்களும் சபைப் பிரதிநிதிகளும் வழக்கமான ஜெபத் தீர்மானத்தோடு நின்றுவிடாமல், பெயர் குறிப்பிட்டு ஒரு சமாதானத் தூதுக் குழுவை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அவர்கள் தெரிந்தெடுத்த பெயர்களைக் கவனிக்க வேண்டும். ஜெயப்பிரகாஷ் நாராயணன், சங்கர்ராவ் தேவ் இருவரும் சர்வோதயத் தலைவர்கள், இந்துக்கள். பிமலா பிரசாத் சாலிஹா அஸ்ஸாம் மாகாணத்தின் முதல் மந்திரி, அதாவது எதிர்த்தரப்பு என்று பலர் எண்ணியவர். மைக்கேல் ஸ்காட் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர், தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்துப் போராடியவர், பிஸோவுக்கு இலண்டனில் துணை நின்றவர். நால்வரில் ஒருவரும் பாப்திஸ்து அல்லர். தம் சபையாரையோ தம் இனத்தாரையோ நடுவராகக் கேட்காமல், காந்தியடிகளின் சீடர்களையும் அயல்சபைக் குருவையும் தம் மலைக்கு அழைத்த அந்தத் தீர்மானத்தில் இருந்த மன விசாலத்தை, உலகச் சபைச் சரித்திரத்தில் உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்ற வேண்டும். சங்கர்ராவ் தேவ் உடல்நலக் குறைவால் வர இயலவில்லை. மற்ற மூவரும் ஏற்றார்கள்.

அவர்களுடைய உழைப்பால் மே மாதத்தில் சக்ரபா கிராமத்தில் போர்நிறுத்த உடன்பாடு உருவாயிற்று. சில நாட்களுக்குள் நேரு காலமானார். ஆயினும் உடன்பாடு நிலைத்து, 1964 செப்டம்பர் 6ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டுகளாக வயலுக்குப் போக முடியாதிருந்தவர்கள் வயலுக்குப் போனார்கள். அதே மாதத்தில் கொஹிமாவை அடுத்த செடிமாவில் பேச்சுவார்த்தை தொடங்கிற்று.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். கோயம்புத்தூரைச் சேர்ந்த டாக்டர் மு. ஆரம், சர்வோதயத் தொண்டராகத் தம் மனைவியாரோடு கொஹிமாவுக்குப் போய், அங்கே சமாதான நிலையத்தை நடத்திக்கொண்டும், போர்நிறுத்த மீறல்களைக் கண்காணிக்கும் குழுவில் பணியாற்றிக்கொண்டும் 1964 முதல் எட்டு ஆண்டுகள் அம்மலையில் வாழ்ந்தார். ஒரு கிராமத்தில் துப்பாக்கி வெடித்தது என்றால், யார் முதலில் சுட்டது, அந்த எல்லையில் எவர் இருக்கலாம், எவர் இருக்கலாகாது என்பதை இரு தரப்பாரிடமும் போய்க் கேட்டு எழுதிச் சேர்ப்பது கண்காணிப்பாளர்களின் வேலை. பெருமையில்லாத, முடிவில்லாத வேலை. வதந்தி ஒன்று மலையேறி இறங்குவதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்காவிட்டால் போர்நிறுத்தம் முறிந்துபோகும். அந்த எட்டாண்டு நிகழ்ச்சிகளை அவர் ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதி 1974இல் வெளியிட்டார். இந்துவாகிய அவரும் பாப்திஸ்து போதகர்களும் தோளோடு தோள் நின்று செய்த இத்தொண்டு, இராஜபாளையத்தாருக்கு அந்நியமாகத் தோன்றாது. சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் அது; காந்தியத்தை நாட்டுக்கு வெளியே சொல்லும் உபதேசமாக வைத்துக்கொள்ளாமல் சொந்த வாசலுக்குள் விட்ட ஊர். ஆரம் பின்னாளில் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ராஜ்ய சபை உறுப்பினராகவும் விளங்கியது பலருக்கு நினைவிருக்கும். கொஹிமாவில் அவர் கழித்த ஆண்டுகளே அவர் வாழ்வின் உச்சம் என்பது என் எண்ணம்.

சமாதானக் குழு வெற்றி பெற்றதா? இந்திரா காந்தியோடு ஆறு சுற்றுப் பேச்சு நடந்தும் முடிவு காணவில்லை. 1966 தொடக்கத்தில் ஜெயப்பிரகாஷர் விலகினார். அவ்வாண்டு ஸ்காட் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1972 ஆகஸ்டில் முதல் மந்திரி ஹோகிஷே சேமா மீது நடந்த தாக்குதலையடுத்துப் போர்நிறுத்தத்தை அரசாங்கம் நீட்டிக்கவில்லை. அரசியல் கணக்கில் இது தோல்விதான். ஆனால் எட்டு வருஷத்தில் பிறந்த குழந்தைகள், அறுவடையான நெல், மீண்டும் கட்டிய வீடுகள், இவற்றைத் தோல்வி என்ற ஏட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

போதகர்கள் மறுபடியும் நடக்கத் தொடங்கினார்கள். 1974இல் நாகாலாந்து சமாதானக் கவுன்சில் ஏற்பட்டது. அதன் தொடர்புக் குழுவில் லோங்ரி ஆவோவும் கென்னத் கெர்ஹுவோ முதலியோரும் நம் ஆரமும் இருந்தார்கள். அதன் விளைவு 1975 நவம்பர் 11ஆம் தேதி கையெழுத்தான ஷில்லாங் உடன்பாடு. தலைமறைவு இயக்கப் பிரதிநிதிகள் இந்திய அரசியல் சட்டத்தை ஏற்று, ஆயுதங்களை ஒப்படைக்க இசைந்தார்கள். இங்கேதான் இரண்டாவது குற்றச்சாட்டு வலுப்பெறுகிறது. அப்போது நாடெங்கும் அவசர நிலை. பேச்சுக்கு முன் பல மாதங்களாக மலையில் இராணுவ நடவடிக்கை தீவிரமாக நடந்துகொண்டிருந்தது. 1964இல் அதே மலைக்குச் சமாதானம் கொண்டுவந்த ஜெயப்பிரகாஷர் அன்று காவலில் இருந்தார். உடன்பாடு கையெழுத்தான மறுநாள்தான் அவர் விடுவிக்கப்பட்டார். பேச்சுச் சுதந்திரம் இல்லாத காலத்தில் எட்டிய சமாதானத்துக்குச் சபையார் சாட்சி நின்றது தவறு என்று முய்வாவும் ஐசக் சூவும் அவர்களோடிருந்தவர்களும் சொன்னார்கள். 1980இல் அவர்கள் தனி இயக்கம் கண்டார்கள். 1988இல் அதுவும் பிளந்து, நாகர் நாகரைக் கொன்ற கொடுமை மிகுந்தது.

இந்தக் குற்றச்சாட்டை நான் முழுதும் தள்ளுவதற்கில்லை. களைத்துப்போன கிராமங்களின் துயரத்தைத் தினம் கண்ட போதகர், எந்தச் சமாதானமும் சமாதானமே என்ற முடிவுக்கு வந்துவிடுவது இயல்பு. நியாயம் நிறைவேறாத சமாதானம் நிலைக்காது என்பதை ஷில்லாங் காட்டிற்று. ஆயினும் லோங்ரி ஆவோவைக் கைக்கருவி என்று சொன்னவர்கள் ஒன்றை மறந்தார்கள்: அதற்கு முன்பு டில்லியில் அவரைப் போன்றோரையே கலகக்காரரின் கூட்டாளி என்றார்கள். இரண்டு தரப்பும் ஒருவரையே சந்தேகித்தது என்றால் அவர் நின்ற இடம் எதுவென்று நமக்கு விளங்க வேண்டும். 1981இல் அவர் மறைந்தார்.

மிஜோரத்தின் கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சி குறைபடும். அங்கே வடக்கில் பிரெஸ்பிட்டேரியன் சபையும், லுங்லேயை மையமாகக் கொண்ட தெற்கில் இலண்டன் பாப்திஸ்து மிஷன் வழிவந்த சபையும் உண்டு. 1966 மார்ச் மாதம் லால்டெங்காவின் இயக்கம் ஆயுதமெடுத்தது. ஐஸ்வாலின் மேல் இந்திய விமானங்கள் குண்டு பொழிந்தன. அடுத்த ஆண்டு முதல் கிராமங்கள் தொகுக்கப்பட்டன.  இரு சபைப் பெரியோரும் காட்டுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே தூது நடந்தார்கள். அங்கே 1986 ஜூன் 30ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தாகி அது நிலைத்தும் விட்டது. நாகாலாந்தில் வாராத முடிவு மிஜோரத்தில் வந்ததற்குப் பல காரணங்கள் சொல்வர். என் கணிப்பில் ஒரு காரணம் முக்கியமானது: மிஜோக்களுக்குப் பொதுமொழி ஒன்று உண்டு, சபைகளும் குலவாரியாகப் பிரியவில்லை. நாகாலாந்திலோ சபைச் சங்கங்களே குலவாரியாக அமைந்தவை. ஆவோவுக்கு ஒரு சங்கம், அங்காமிக்கு ஒன்று, சேமாவுக்கு ஒன்று. மொழி வேறுபாட்டால் அது தவிர்க்க இயலாதிருந்திருக்கலாம். ஆனால் இயக்கங்கள் குலவாரியாகப் பிளந்தபோது, அந்தப் பிளவைத் தைக்க வேண்டிய ஊசியும் அதே இடத்தில் பிளந்திருந்தது.

அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் இதைவிடக் கசப்பான பாடம். அங்கே பாப்திஸ்து சபையார் போர் மூள்வதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே பிளந்துவிட்டார்கள். அடிமைகளை உடையவர் மிஷனெரியாகலாமா என்ற தர்க்கத்தில் 1845 மே மாதம் ஜார்ஜியாவிலுள்ள அகஸ்டாவில் தெற்கத்தியார் தனி மாநாடு கண்டார்கள். 1861இல் தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் பதவியேற்றபோது ஜெபம் ஏறெடுத்தவர் பேசில் மேன்லி என்னும் பாப்திஸ்து போதகர். ஒரு தரப்புக்கு முன்பே அடைக்கலமாகிவிட்ட சபைக்குச் சமாதானத் தூது போக வழியில்லை. சுயாதீனச் சபை என்றால் மனச்சாட்சியின் சுயாதீனம் என்பது தத்துவம். நடைமுறையில் தன் சபையாரின் வாழ்க்கை நலனுக்கு எதிராகப் பேசும் போதகரைச் சபையே நீக்கிவிட முடியும் என்பதும் அதே முறையின் மறுபக்கம்.

ஆனால் அதே தெற்கில் வேறொரு பாப்திஸ்து சபை இருந்தது. 1865 ஜனவரி 12ஆம் தேதி இரவு, சவன்னா நகரில் வடபடைத் தளபதி ஷெர்மனும் போர் மந்திரி ஸ்டான்டனும் கறுப்பின ஊழியர்கள் இருபது பேரை அழைத்து, விடுதலை பெற்ற மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் பிரேசியர், அறுபத்தேழு வயதுப் பாப்திஸ்து போதகர். தம்மையும் தம் மனைவியையும் ஆயிரம் டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டவர். நிலம் வேண்டும், அதை நாங்களே உழுது பிழைப்போம் என்பது அவர் விடையின் சாரம். நான்கு நாளில் கடலோர நிலங்களைப் பங்கிட்டுத் தர ஆணை பிறந்தது. லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அவ்வாண்டுக்குள் அதைத் திருப்பிக்கொண்டார். நிலம் போயிற்று. அடிமையாயிருந்த ஒரு போதகரிடம் ஒரு தேசத்தின் அரசாங்கம் ஆலோசனை கேட்ட அந்த இரவு மட்டும் மறையவில்லை. அகஸ்டாவில் பிரிந்த மாநாட்டார் அடிமைமுறைக்காக மன்னிப்புக் கேட்டது 1995ஆம் ஆண்டில்.

அந்தப் போர் நம் கரிசல் நிலத்தையும் தொட்டது. அமெரிக்கப் பஞ்சு நின்றுபோகவே திருநெல்வேலிப் பஞ்சுக்கு விலை ஏறியதைச் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் கேட்டறிந்திருப்பார்கள். இராஜபாளையத்து ராஜுக்களின் தாய்மொழி வழங்கும் நெல்லூர்ச் சீமையில் அமெரிக்கப் பாப்திஸ்து மிஷன், பணமின்றி மூடப்படும் நிலைக்கு 1862இல் வந்தது. நான் தனியாகவேனும் திரும்பிப் போவேன் என்று அதன் மிஷனெரி ஜூவெட் ஐயர் நின்றதால் அது பிழைத்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே 1864 இறுதியில் அவரோடு கப்பலேறிய இளைஞர் ஜான் கிளவ், ஒங்கோலில் ஊழியம் செய்து, தாதுப் பஞ்சத்துக்குப் பின் 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்டார்.

பர்மாவில் கரேன் பாப்திஸ்துகள் முன்னின்று 1949இல் தொடங்கிய போர் தலைமுறைகளைக் கடந்து நீண்டது. அங்கே பர்மியரும் கரேன் பாப்திஸ்துகளும் ஒரே சமயத்தவர் அல்லர். போதகருக்கு எதிர்த்தரப்பில் சபை இல்லை. ஆகவே அவர் தம் மக்களோடு காட்டுக்கும் அகதி முகாமுக்கும் நடந்தார். இதை வேறு கட்டுரைக்கு விட வேண்டும்.

நாகர்களிடம் திரும்புவோம். 1997 போர்நிறுத்தம் இராணுவத்தோடு ஏற்பட்ட போரை ஓரளவு நிறுத்திற்று. நாகர் பிரிவுகளுக்குள் நடந்த கொலைகளை நிறுத்தவில்லை. 2008இல் இறையியல் அறிஞராகிய வாத்தி ஐயர் முதலிய சபைப் பெரியோர் நல்லிணக்க மன்றம் ஒன்றைக் கண்டு, பகைத்த பிரிவுகளின் தலைவர்களைத் தாய்லாந்து நாட்டுச் சியாங் மாய் நகருக்கு அழைத்துப் பலமுறை பேச வைத்தார்கள். அங்கே அவர்கள் பந்தாடவும் செய்தார்கள். ஒருவரையொருவர் தேடிக் கொன்றுகொண்டிருந்தவர்கள் ஒரு மைதானத்தில் கால்பந்து ஆடினார்கள் என்பதைக் கேட்டு முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 2009 ஜூன் 13ஆம் தேதி மூன்று முக்கியப் பிரிவுகளின் தலைவர்கள் நல்லிணக்க உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். அதன்பின் உட்பகைக் கொலைகள் கணிசமாகக் குறைந்தன. 2015இல் டில்லியில் சட்டக வடிவ ஒப்பந்தம் ஒன்றும் கையெழுத்தாயிற்று. இறுதி உடன்பாடு அதில் இன்னும் பிறக்கவில்லை. 2021 டிசம்பர் 4, ஒரு சனிக்கிழமை மாலை, மோன் மாவட்டத்து ஓட்டிங் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வாரக் கடைசிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த இளைஞர் ஆறு பேரை, கலகக்காரர் என்று எண்ணி இராணுவத்தார் சுட்டுக்கொன்றார்கள். அவர்கள் கொன்யாக் குலத்தவர்; லோங்ரி ஆவோ வீடுவீடாகப் போதித்த மக்களின் பேரப்பிள்ளைகள்.

ஆக, மூன்று அபிப்பிராயங்களில் மூன்றாவதையே நான் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. போதகர்கள் சமாதானத்தைக் கொண்டுவந்தார்கள் என்பதைவிட, கொலைக்கும் கொலைக்கும் நடுவே இடைவெளியை உண்டாக்கினார்கள் என்பது சரி. அதைச் செய்ய முடிந்தது அவர்கள் அதிகாரம் இல்லாதவர்களாக இருந்ததால். அதற்குமேல் செய்ய முடியாமற்போனதும் அதனால்தான். அமெரிக்கத் தெற்கில் சபை தன் சொத்தோடு ஒட்டிக்கொண்டது. அங்கே இடைவெளி பிறக்கவே இல்லை.

இதைப் படிக்கும் நம் வட்டாரச் சபையாரிடம் ஒரு விண்ணப்பம். வோக்காவில் நடந்தது இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அங்கே தீர்மானம் எழுதப்பட்டது, ஏடு பாதுகாக்கப்பட்டது, ஆரம் போன்றோர் நூல் எழுதி வைத்தார்கள் என்பதே காரணம். நம் கிராமச் சபைகளிலும் தெரு வேறு, கல்லறைத் தோட்டம் வேறு என்று சாதியால் பிரிந்த இடங்கள் உண்டென்பதை மறைக்க வேண்டாம். 1997இல் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் சேகரங்களில் எந்தக் குருவானவர் எந்தத் தெருவைக் கடந்து போனார், எந்த உபதேசியார் யாருக்கு ஆலயக் கதவைத் திறந்துவிட்டார், எந்த ஆலயக் கதவு திறக்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இந்த மாதமே அவர்களிடம் போங்கள்.